சுற்றுலா போன இடத்தில் உடம்புக்கு முடியாமல் போனால்: படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

கொடைக்கானலில் ஒரு லாட்ஜ் அறை. இரவு ஒன்றரை மணி. ஆறு வயது மகன் மூன்றாவது முறையாக வாந்தி எடுத்துவிட்டுப் போர்வைக்குள் சுருண்டு கிடந்தான். மனைவி பைகளைக் கட்டிலில் கொட்டி மருந்து தேடிக்கொண்டிருந்தார். நான் போனில் மருத்துவமனை தேடினேன். வரைபடம் காட்டிய நான்கில் இரண்டு பல் கிளினிக், ஒன்று ஆயுர்வேத மசாஜ் நிலையம். கடைசியில் வழி சொன்னது, கீழே ரிசப்ஷனில் தூங்கிக்கொண்டிருந்த பையன்தான்.

அன்றைக்கு நாங்கள் செய்த தப்புகள் நிறைய. அதற்குப் பிறகு ஒருமுறை திருப்பதியில் மாமியாருக்கு, இன்னொரு முறை ரயிலில் அப்பாவுக்கு என்று அனுபவம் சேர்ந்துவிட்டது. குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு தமிழ்நாட்டுக்குள்ளும் பக்கத்து மாநிலங்களுக்கும் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெளிநாட்டுப் பயணம் வேறு கணக்கு, அதை இங்கே தொடவில்லை. நான் டாக்டர் இல்லை. மருந்து அளவு பற்றிச் சொல்வதையெல்லாம் கிளம்பும் முன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்: பத்து நிமிட வேலை

வீட்டில் யார் யாருக்கு என்ன நோய், என்ன மாத்திரை, எதற்கு அலர்ஜி என்று ஒரே தாளில் எழுதி, அதைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். கூடவே கடைசி மருந்துச் சீட்டு, இருதய நோயாளி என்றால் பழைய ஈ.சி.ஜி., காப்பீட்டு அட்டை. பழைய ஈ.சி.ஜி. கையில் இருந்தால், புதிதாக எடுத்ததில் தெரியும் மாற்றம் நேற்றே இருந்ததா இன்று வந்ததா என்பதைப் புது ஊர் டாக்டரும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

தினசரி மாத்திரைகளை இரண்டு நாள் கூடுதலாக எடுத்து, இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் பெரியவர்கள் பிரஷர் மாத்திரையைச் சூட்கேஸ் அடியில் வைப்பார்கள். சூட்கேஸ் பஸ் மேலே இருக்கும், பிரஷர் பஸ்ஸுக்குள் ஏறும்.

குழந்தையின் எடை எத்தனை கிலோ என்பது இன்றைய தேதிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏன் என்று பிறகு வருகிறது.

முதல் படி: எவ்வளவு நேரம் இருக்கிறது?

உடம்பு முடியவில்லை என்றதும் எல்லோரும் கேட்பது, "இங்கே நல்ல ஆஸ்பத்திரி எது?" அந்தக் கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கேட்க வேண்டியது, இது இந்த நிமிடமே போக வேண்டியதா, இன்றைக்குள் பார்த்தால் போதுமா, காலை வரை காத்திருக்கலாமா என்பதுதான். இதைத் தீர்மானித்துவிட்டால் எந்த ஆஸ்பத்திரி என்பது பெரும்பாலும் தானே தெரிந்துவிடும்.

இந்த நிமிடமே போக வேண்டியவை: நெஞ்சில் அழுத்தம், அதோடு வியர்வை அல்லது கை, தாடைக்குப் பரவும் வலி; வாய் ஒருபக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் போவது, பேச்சுக் குழறுவது; மூச்சுத் திணறல்; வலிப்பு; சர்க்கரை நோயாளி மந்தமாகிப் பேச்சுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது; பாம்புக்கடி; ரத்த வாந்தி; தலையில் அடிபட்டு மயக்கம் அல்லது திரும்பத் திரும்ப வாந்தி. பக்கவாதத்தில் மூளை ரத்தக் குழாயை அடைக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மலையிலிருந்து இறங்கவே இரண்டரை மணி நேரம் ஆகிற ஊரில் இருந்தால், "கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்" என்று சொல்ல உங்களுக்கு நேரம் இல்லை.

இன்றைக்குள் பார்க்க வேண்டியவை: மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்தக் காய்ச்சலும் (இதை முதல் பட்டியலிலேயே சேர்த்தாலும் தப்பில்லை), ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காத குழந்தை, மலத்தில் ரத்தம், கர்ப்பிணிக்கு வயிற்று வலி, நாய் அல்லது குரங்கு கடித்தது.

சளி, லேசான காய்ச்சலோடு விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளை, மலைப்பாதை வளைவுகளில் வந்த வாந்தி, இரண்டு முறை பேதி போனாலும் தண்ணீர் குடித்துத் தெம்பாக இருப்பவர் எல்லாம் காலை வரை காத்திருக்கலாம்.

ஊட்டியில் தலைவலி வந்தால் "உயரம் ஒத்துக்கலை" என்பார்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். மலை உச்சி நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொல்லை கொடுக்கும். ஊட்டித் தலைவலிக்குக் காரணம் பெரும்பாலும் குளிர், தூக்கமின்மை, தண்ணீர் குடிக்காதது, 14 கொண்டை ஊசி வளைவில் காலியான வயிறு. லே, கேதார்நாத் போகிறவர்களுக்கு மட்டும் கதை வேறு. அங்கே தலைவலியோடு தள்ளாட்டமோ படுத்திருக்கும்போதே மூச்சிரைப்போ வந்தால் முதல் வைத்தியம் கீழே இறங்குவது.

வயிற்றுப்போக்கும் காய்ச்சலும்: அறையிலேயே செய்ய வேண்டியவை

சுற்றுலாவில் வரும் தொல்லையில் பாதிக்கு மேல் வயிறுதான், அதனால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

ஓ.ஆர்.எஸ். (உப்பு, சர்க்கரைக் கரைசலுக்கான பொடி) பொட்டலம் இரண்டு அளவில் வருகிறது. பெரியது ஒரு லிட்டர் தண்ணீருக்கு, சிறியது 200 மில்லிக்கு. பெரிய பொட்டலத்தைப் பாதி பிரித்து ஒரு டம்ளரில் கலப்பது எல்லா வீட்டிலும் நடக்கிற தப்பு. உப்பு அதிகமாகிவிட்டால் நல்லதை விடக் கெடுதல்தான் மிஞ்சும். மலையூரில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் சுலபமாகக் கிடைக்கும், அதிலேயே முழுப் பொட்டலத்தையும் போட்டுக் குலுக்குங்கள். 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பொட்டலமே கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

மெடிக்கல் ஷாப்பில் ஓ.ஆர்.எஸ். என்று கேட்டால் டெட்ரா பாக்கெட்டில் பழ வாசனையோடு ஏதாவது எடுத்துக் கொடுப்பார்கள். அவற்றில் பல வெறும் இனிப்புப் பானங்கள். உலக சுகாதார நிறுவன அளவில் தயாரிக்காத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. உறையில் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று இருக்கிறதா என்று பார்த்து, பொடியாகவே வாங்குங்கள்.

வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு ஒரே மூச்சில் டம்ளரைக் கொடுத்தால் அதுவும் வெளியே வரும். பத்து நிமிடம் விட்டு, ஒரு ஸ்பூன், இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு ஸ்பூன். சலிப்பான வேலைதான். ஆனால் அன்றிரவு எங்கள் பையனுக்கு இதைப் பொறுமையாகச் செய்திருந்தால் ட்ரிப்ஸ் தேவைப்பட்டிருக்காது என்று எங்கள் குழந்தை மருத்துவர் பிறகு சொன்னார். பேதியைச் சட்டென்று நிறுத்தும் மாத்திரையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால். இங்கேதான் எடை வருகிறது: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் இல்லை. வீட்டில் வைத்திருக்கும் சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதாக இருக்கலாம். போன ஊரில் வாங்கியது 5 மில்லியில் 250 உள்ளதாக இருக்கலாம். 12 கிலோ குழந்தைக்கு 180 மில்லிகிராம் என்று வைத்தால், முதல் சிரப்பில் ஏழரை மில்லி, இரண்டாவதில் 3.6 மில்லிதான். "வழக்கமா ஏழரை மில்லி" என்று புதுப் பாட்டிலிலும் ஊற்றினால் இரண்டு மடங்கு ஆகிவிடும். சொட்டு மருந்து அதைவிடக் கெட்டியானது. லேபிளைப் படிக்காமல் ஊற்றாதீர்கள்.

கடைக்காரர் கொடுக்கும் இருமல் சிரப் வேண்டாம். 2025-ல் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் கலப்படமான இருமல் மருந்து குடித்துக் குழந்தைகள் இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்தே கூடாது, ஐந்து வயது வரை பொதுவாகத் தேவையில்லை என்பதுதான் அதன் பிறகு மத்திய அரசு சொன்ன அறிவுரை. டெங்கு சீசனில் காய்ச்சலுக்கு ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் பக்கமே போகாதீர்கள்.

இரண்டாம் படி: 108-ஐ அழைப்பது

தமிழ்நாட்டில் 2008 முதல் 108 இலவசம், நாள் முழுக்க உண்டு. இந்தியா முழுக்க 112-ம் வேலை செய்யும். சொந்தக் கார் இருந்தாலும், மூச்சுத் திணறலுக்கும் நெஞ்சுவலிக்கும் ஆம்புலன்ஸ்தான் சரி. அதில் ஆக்சிஜன் இருக்கும், கூடவே பயிற்சி பெற்ற ஒருவர் இருப்பார், எந்த ஆஸ்பத்திரியில் எது இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். உங்கள் காரில் இருப்பது பதற்றத்தோடு ஓட்டும் நீங்கள்தான்.

வெளியூரில் முகவரி சொல்வது கஷ்டம். எனவே லாட்ஜ் ஆளிடம் போனைக் கொடுத்து வழி சொல்லச் சொல்லுங்கள். மாநில எல்லை அருகே, வால்பாறை, கூடலூர், குமுளி போன்ற இடங்களில், உங்கள் போன் அடுத்த மாநில டவரைப் பிடித்திருக்கலாம். அதனால் முதல் வாக்கியத்திலேயே எந்த மாநிலம், எந்த மாவட்டம் என்று சொல்லிவிடுங்கள்.

திம்பம் மலைப்பாதையிலும் பந்திப்பூர் காட்டுச் சாலையிலும் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை போக்குவரத்துத் தடை உண்டு. ஆம்புலன்ஸுக்கு அந்தத் தடை இல்லை. தாளவாடிப் பக்கம் தங்கியிருக்கிறவர்கள் நள்ளிரவில் சோதனைச் சாவடியில் வாதாடிக்கொண்டிருப்பதற்குப் பதில் 108-ஐக் கூப்பிடுவது நல்லது.

அவசரம் இல்லை, ஆனால் யாரிடமாவது கேட்க வேண்டும் என்றால் மருத்துவ ஆலோசனை எண் 104. மத்திய அரசின் இ-சஞ்சீவனியில் வீடியோவில் டாக்டரை இலவசமாகப் பார்க்கலாம், சிக்னல் நன்றாக இருந்தால்.

மூன்றாம் படி: எங்கே போவது?

மலையூரில் தூரத்தைக் கிலோமீட்டரில் பார்க்காதீர்கள். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் 50 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் மே மாத ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அது எத்தனை மணி நேரம் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் கையருகே இருக்கும் இடத்தில் நிலைப்படுத்திக்கொண்டு பிறகு இறங்குவதுதான் முறை. "நேரா கோயம்புத்தூருக்கே போயிடலாம்" என்று காரைக் கிளப்புவது பெரும்பாலும் தப்பான முடிவு.

அரசு ஆஸ்பத்திரி என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் பாம்புக்கடி, நாய்க்கடி, விபத்து, இரவு நேர அவசரம் இந்த நான்குக்கும் சிறிய ஊரில் ஜி.எச்.தான் முதல் இடம். விஷமுறிவு மருந்தும் வெறிநாய்க்கடி ஊசியும் அங்கே இருக்கும். தனியார் கிளினிக்கில் இருக்கும் என்பது உறுதியில்லை. ஊட்டியில் இப்போது 700 படுக்கையோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே வந்துவிட்டது, 2025 ஏப்ரலில் திறந்தார்கள். ஓ.பி. மதியத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு போனால் "ஓ.பி. எங்கே" என்று கேட்காமல் நேராகக் காஸ்வால்டிக்கு (அவசரப் பிரிவு) போங்கள்.

நெஞ்சுவலி வந்து பெரிய ஆஸ்பத்திரி தொலைவில் இருந்தால், வழியில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தாண்டிப் போகாதீர்கள். 2023 ஜூனில் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அடோர்வாஸ்டாடின் என 14 மாத்திரைகளை அங்கேயே கொடுத்து மேலே அனுப்புகிறார்கள்.

விபத்து என்றால் "போலீஸ் கேஸ், எடுக்க மாட்டோம்" என்று யாராவது சொன்னால் அது செல்லாது. அவசர சிகிச்சை தருவது எல்லா டாக்டரின் கடமை, சட்ட நடைமுறைகள் பிறகுதான் என்று 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்துக்கு "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்; அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை. 2025 மே முதல் மத்திய அரசுத் திட்டத்திலும் நாடு முழுக்க ஏழு நாள், ஒன்றரை லட்சம் ரூபாய் வரை உண்டு. பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில்தான் என்பதால், 108-ல் போனால் அதுவும் சுலபம்.

திருமலையில் மேலேயே தேவஸ்தானத்தின் அஸ்வினி மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிக்கல் என்றால் கீழே திருப்பதியில் ஸ்விம்ஸ், ருயா மருத்துவமனைகள். மாமியாருக்கு வரிசையில் தலைசுற்றியபோது பக்கத்தில் நின்ற சேவகர்தான் சக்கர நாற்காலியோடு வந்தார், நாங்கள் எதுவும் தேடவே இல்லை. சபரிமலையில் பம்பை முதல் சன்னிதானம் வரை வழிநெடுக மருத்துவ மையங்கள் உண்டு. நீலிமலை, அப்பாச்சிமேடு ஏற்றத்தில் நெஞ்சு அடைத்தால் சாமி துணை என்று ஏறாமல் அங்கேயே உட்காருங்கள்.

ரயிலில் என்றால் ரயில்வே உதவி எண் 139. அல்லது டி.டி.இ.-யிடம் சொல்லுங்கள். பி.என்.ஆர்., பெட்டி, இருக்கை எண், வயது, என்ன தொந்தரவு என்று வரிசையாகச் சொன்னால், வசதி உள்ள அடுத்த பெரிய ஸ்டேஷனில் ரயில்வே டாக்டர் பெட்டிக்கே வருவார். அப்பாவுக்கு விஜயவாடாவில் வந்தார். 100 ரூபாய் கட்டணம், ரசீது கொடுத்தார்கள்.

நான்காம் படி: டாக்டர் முன்னால்

கொடைக்கானல் இரவில் நாங்கள் போன கிளினிக்கில் ஒரு ஊசி போட்டார்கள், ட்ரிப்ஸ் ஏற்றினார்கள், பணம் வாங்கினார்கள். சீட்டு எதுவும் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மறுநாள் மதுரையில் இன்னொரு டாக்டர் கேட்டார், "என்ன ஊசி போட்டாங்க?" எங்களுக்குத் தெரியாது. "வாந்திக்குப் போட்டாங்க டாக்டர்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அதனால் இதை மட்டும் கூச்சப்படாமல் கேளுங்கள்: "டாக்டர், நாங்க வெளியூர். நாளைக்கு எங்க டாக்டர்கிட்ட காட்டணும். என்ன கொடுத்தீங்கன்னு எழுதிக் கொடுத்துடுங்க." இப்படிக் கேட்டால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. எழுதிக் கொடுத்த தாளை வாங்கியதும் போட்டோ எடுங்கள். ஊசி மருந்துக் குப்பியின் பெயரையும் எடுத்துக்கொள்ளலாம்.

நீங்கள் சொல்ல வேண்டியதையும் சுருக்கமாகச் சொல்லுங்கள். எப்போது தொடங்கியது, எத்தனை முறை, கடைசியாக எப்போது சிறுநீர் போனது, என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள், எதற்கு அலர்ஜி. காலையில் எந்த ஓட்டலில் என்ன சாப்பிட்டீர்கள் என்ற வரலாறு கடைசியில் வரட்டும். கேரளாவிலோ ஆந்திராவிலோ மொழி தடுமாறினால் லாட்ஜ் ஆளையோ டிரைவரையோ கூட உள்ளே கூட்டிப்போங்கள். கேரளத்தில் தமிழே ஓடும், ஆனால் "வயறு வேதனை" போன்ற சொற்களில் சிரித்து நிற்க நேரமில்லாத இடம் அது.

குரங்கோ நாயோ கடித்தால், பிறாண்டினாலும்கூட, முதலில் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். முதல் ஊசியை இருக்கும் ஊரிலேயே அன்றே போட்டுக்கொண்டு அட்டையை வாங்குங்கள். "ஊருக்குப் போய்ப் போட்டுக்கலாம்" என்று தள்ளாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். மிச்ச ஊசிகளை உங்கள் ஊர் ஜி.எச்.சில் அந்த அட்டையைக் காட்டிப் போட்டுக்கொள்ளலாம். ரத்தம் வரும்படி கடித்திருந்தால் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்து ஊசியும் தேவைப்படும், அதைக் கேளுங்கள்.

ஐந்தாம் படி: பணமும் காப்பீடும்

அட்மிட் செய்யச் சொன்னதும், ஒருவர் நோயாளியோடு இருக்க, இன்னொருவர் காப்பீட்டு நிறுவனத்தின் இலவச எண்ணுக்கு அழைத்துத் தகவல் சொல்லி, அவர்கள் தரும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். நிறுவனத்தின் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியிலும் கேஷ்லெஸ் (நாம் கட்டாமல் நிறுவனமே நேராக ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டுவது) கேட்கலாம் என்ற ஏற்பாடு 2024 ஜனவரியில் வந்தது. அவசர அட்மிஷனுக்கு 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆஸ்பத்திரி ஒத்துக்கொண்டால்தான் நடக்கும் என்பதால் கையில் முன்பணம் இருப்பது நல்லது. கேஷ்லெஸ் விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரத்திலும் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. இழுத்தடித்தால் இந்த விதியைச் சொல்லுங்கள், குரல் மாறும்.

ஆஸ்பத்திரி பதிவு பெற்றதா என்றும் கேட்டுவிடுங்கள். பதிவு இல்லாத, பத்துப் படுக்கைகூட இல்லாத இடத்தில் அட்மிட் ஆனால் பின்னால் கிளைம் தள்ளுபடியாகலாம். கைப்பணம் கட்டினால் டிஸ்சார்ஜ் சம்மரி, பிரித்து எழுதிய பில், பணம் கட்டிய ரசீது, மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றிலும் அசல் வேண்டும். ஊருக்கு வந்தபின் 200 கிலோமீட்டர் தாண்டி ஒரு ரசீதுக்காகப் போன் போடுவது கொடுமை.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் தமிழ்நாட்டுக்குள் 1800 425 3993-ல் பக்கத்து மருத்துவமனையைக் கேட்கலாம். வெளி மாநிலத்தில் செல்லுமா என்பது உங்கள் குடும்பம் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது, அதற்கு 14555.

ஆறாம் படி: குடும்பத்தை இரண்டாகப் பிரிப்பது

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஒருவர் படுத்தால் எட்டுப் பேரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துவிடுகிறோம். பிள்ளைகள் பசியில் அழும், பெரியவர்கள் மாத்திரை மறப்பார்கள், அடுத்த நோயாளி அங்கேயே தயாராவார். இருவர் மட்டும் நோயாளியோடு; மீதிப் பேர் அறைக்குப் போகட்டும். லாட்ஜில் முதலிலேயே ஒரு நாள் நீட்டிக்க முடியுமா என்று கேட்டுவிடுங்கள், டிக்கெட்டை மாற்றுவதை அதற்குப் பிறகு பார்க்கலாம். ஊருக்கு ஒருவரிடம் மட்டும் சொல்லி, மற்ற சொந்தங்களுக்கு அவரே சொல்லட்டும். இல்லையென்றால் டாக்டர் பேசும் நேரத்தில் சித்தப்பா லைனில் இருப்பார்.

திரும்புவதா, தங்குவதா? டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "இத்தனை மணி நேரம் மலைப்பாதையில் கார் பயணம் தாங்குமா?" வழியில் எந்த அறிகுறி வந்தால் வண்டியை நிறுத்த வேண்டும் என்றும் கேளுங்கள்.

ஊருக்கு வந்த பிறகு

இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் எங்கே போனீர்கள் என்று நீங்களாகவே சொல்லுங்கள், அவர் கேட்க மறந்துவிடலாம். குளம், ஓடையில் மூழ்கிக் குளித்தபின் கடும் தலைவலியோடு காய்ச்சல் வந்தால் அன்றே போக வேண்டும். புதர், புல்வெளியில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்குச் சிறு பூச்சி கடித்து ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சல் வரலாம். தக்க மாத்திரை உடனே தொடங்கினால் சுலபமாகக் குணமாகும், ஆனால் கண்டுபிடிக்க வேண்டும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருக்கும். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் பேண்ட் இறுக்கும் இடம் என்று மறைவான பகுதிகளில்தான் பெரும்பாலும் ஒளிந்திருக்கும்; கிளினிக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே துணியை விலக்கித் தேடிப் பாருங்கள்.